விசா வேறு, வேலை அனுமதி வேறு

டிப்ளமோ முடித்ததும் ஃபாரின் போகும் ஆசை எனக்கும் உண்டு. விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் விசிட்டர் பாஸ் கொடுத்து உள்ளே விடுவார்கள். அதைக் காட்டி லேத்தில் நிற்க முடியுமா? டூரிஸ்ட் விசாவும் அப்படித்தான். தாய்லாந்தில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவருக்குக்கூட 'நான்-இமிகிரண்ட் பி' விசா வேண்டும். அதற்குமேல் அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் ஒர்க் பெர்மிட்டும் வேண்டும்.

2022-ல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று ஆசை காட்டப்பட்ட பலர், மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்ய வற்புறுத்தப்பட்டார்கள். அவ்வருட அக்டோபரில் மீட்கப்பட்டு வந்தவர்களில் 13 பேர் தமிழர்கள்.

பத்தாவது பாஸாகாதவர் வளைகுடா வேலைக்குப் போவதென்றால், 1983-ம் வருடச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரின் கிளியரன்ஸ் வேண்டும் என்று வைத்தார்கள். பத்தாவது தாண்டிய நமக்கு அது தேவையில்லை. சலுகைதான், ஆனால் நம்ம பேப்பரை நாமதான் சரிபார்க்கணும்.

ஏஜெண்டின் பதிவு எண்ணை 'இ-மைகிரேட்' தளத்தில் தேடுங்கள். வேலை ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள். "டூரிஸ்ட்டா போயிடு தம்பி, அங்க மாத்திக்கலாம்" என்றால், பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துடுங்க!