பகல் குடித்தொகையும் இரவுக் குடித்தொகையும்

ஓர் ஊரின் குடித்தொகை எவ்வளவு என்று கேட்டால், அங்கு வசிப்போரின் எண்ணிக்கையைச் சொல்வோம். அது அவர்கள் இரவில் உறங்கும் இடத்தைக் காட்டும் எண். பகல் பதினொரு மணிக்கு அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. குடித்தொகைப் பரம்பலைப் படமாக வரையும் புவியியல் மாணவிகளாகிய நாம் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

பகல் குடித்தொகையைக் கணிப்பது எளிது. வசிப்போர் தொகையிலிருந்து தொழிலுக்கும் படிப்புக்குமாக வெளியே செல்வோரைக் கழித்து, அவ்வாறே உள்ளே வருவோரைக் கூட்ட வேண்டும். விடையை வசிப்போர் தொகையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஒரு விகிதம் கிடைக்கும். அது 100ஐ விடக் கூடினால் அவ்விடம் பகலில் நிரம்புகிறது. குறைந்தால் பகலில் வெறுமையாகிறது.

ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில் உள்ள சியோடா பிரிவை எடுத்துக்கொள்வோம். 2015ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வசித்தோர் 58,406 பேர். பகல் குடித்தொகையோ 853,068. விகிதம் ஏறத்தாழ 1460. வசிப்போரை மட்டும் வைத்து வரைந்த படத்தில், டோக்கியோவின் மற்றப் பிரிவுகளோடு ஒப்பிடுகையில் சியோடா ஐதான குடித்தொகை கொண்ட இடமாகவே தெரியும்.

இதன் முக்கியத்துவம் 2011 மார்ச் 11ஆம் திகதி விளங்கியது. பிற்பகல் 2.46க்குப் பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட, டோக்கியோவில் புகையிரதங்கள் நின்றன. தொழிலுக்கு வந்திருந்த பல இலட்சம் பேரால் அன்று வீடு திரும்ப இயலவில்லை. பின்னர், ஊழியர்களுக்கு மூன்று நாட்களுக்கான உணவும் நீரும் சேமித்து வைக்குமாறு நிறுவனங்களைக் கேட்கும் விதிகள் 2013 ஏப்ரலில் அங்கு நடைமுறைக்கு வந்தன. அந்த உணவும் நீரும் வசிப்போர் தொகையைப் பார்த்துக் கணக்கிடக் கூடியவை அல்ல.

எமது நாட்டில் கோட்டையும் புறக்கோட்டையும் பகலில் நிரம்பி இரவில் வெறுமையாகும் இடங்கள். என் வாப்பாவும் புறக்கோட்டைக்குத் தினமும் போய் வருபவர். அவர் எங்கள் ஊரில் எண்ணப்படுகிறார். ஆனால் குடிநீர், கழிவறை, அம்புலன்ஸ் எல்லாம் பகலில் அவருக்குத் தேவைப்படுவது புறக்கோட்டையில். அந்நேரம் எங்கள் வீதியில் பெரும்பாலும் பெண்களும் முதியோரும் சிறு பிள்ளைகளுமே இருப்பார்கள். பகலில் வெள்ளம் வந்தால் நடக்க முடியாதவர்களைத் தூக்கிச் செல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நீங்களும் உங்கள் வீதியை இரண்டு முறை வரைந்து பாருங்கள். ஒரு படத்தில் இரவில் இருப்போரையும் மற்றதில் பகல் பதினொரு மணிக்கு இருப்போரையும் வீடு வீடாகப் புள்ளியிடுங்கள். இரண்டுக்கும் அளவுத்திட்டம் ஒன்றாக இருக்கட்டும். பகற்படத்தில் எந்தெந்த வீட்டில் முதியவர் தனியே இருக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.