மாமாவின் பழைய கார்

நுழையும் முன்

தொழிலின் பொருட்டுப் பல ஊர்களில் பிரிந்து வாழும் உறவினர்களைக் கடிதங்கள் இணைக்கின்றன. இங்கிலாந்தில் உள்ள கவன்ட்ரி நகரில் வாழும் தாய்மாமா ஒருவர், போபாலில் பயிலும் தம் அக்காள் மகளுக்கு எழுதிய கடிதமாக இப்பாடம் அமைந்துள்ளது. ஒரு பொருளைப் பேணுவதற்கு அன்பும் உழைப்பும் மட்டும் போதுமா? படித்து அறிவோம்.

கவன்ட்ரி,
12 ஏப்ரல்.

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கங்களைத் தமிழிலேயே எழுதியிருந்தாய், மிக மகிழ்ந்தேன். "இருவர் மட்டுமே அமரக்கூடிய பழைய காரோடு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏன் போராடுகிறீர்கள், மாமா? விற்றுவிடலாமே!" என்று கேட்டிருந்தாய். அதற்கு விடை சொல்ல வேண்டுமானால், இரண்டு கார்களைப் பற்றி நான் எழுத வேண்டும்.

என்னிடம் இருப்பது டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டுவகைக் கார். 1972ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. 1962 முதல் 1980 வரை இவ்வகைக் கார்கள் நான் வாழும் இதே கவன்ட்ரியில் உருவாயின. இரண்டாம் உலகப் போரில் பறந்த புகழ்பெற்ற போர்விமானத்தின் பெயரையே இதற்கும் சூட்டினர். இதன் முன்மூடி முழுவதும் முன்புறமாகச் சாய்ந்து திறக்கும். அப்போது எஞ்சினும் முன்சக்கரங்களின் உறுப்புகளும் கண்ணெதிரே தெரியும். டயரின் மேல் அமர்ந்துகொண்டே வேலை செய்யலாம். வீட்டிலேயே பழுது பார்க்க விரும்புவோருக்கு இது ஏற்ற வண்டி.

இரண்டாவது கார் உன் தாத்தாவுடையது. சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் கார் 1961 முதல் உருவானது. அது இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காரின் இந்திய வடிவம். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியே ஸ்பிட்ஃபயரைச் செய்தனர். ஆகவே, தாத்தாவின் காரும் என் காரும் ஒருவகையில் உடன்பிறப்புகள். இரண்டின் முன்சக்கர அமைப்பும் ஒன்றே.

தாத்தா அந்த ஹெரால்டை வேறொருவரிடமிருந்து வாங்கினார். அதனுடன் கையேடு எதுவும் வரவில்லை. பணிமனை ஒன்றில் சொன்னபடி, மாதந்தோறும் முதல் ஞாயிறன்று அவரே முன்சக்கரங்களுக்குக் கிரீஸ் அடிப்பார். நான் விளக்குப் பிடிப்பேன். ஒருமுறையும் அவர் தவறியதில்லை.

1983ஆம் ஆண்டில் ஒரு மாலை, செங்கற்பட்டிலிருந்து குரோம்பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். உன் அம்மாவும் நானும் பின்னிருக்கையில் இருந்தோம். எங்கள் வீட்டு வாயிலருகே தாத்தா ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பினார். 'படார்' என்றோர் ஓசை. காரின் முன்பகுதி ஒருபுறமாகச் சாய்ந்தது. முன்சக்கரம் ஒன்று உள்மடங்கிக் கிடந்தது. எவருக்கும் காயமில்லை. ஆயினும், கால்மணி நேரத்திற்கு முன்புதான் பெருஞ்சாலையில் லாரிகளுக்கிடையே வந்திருந்தோம். அங்கே இது நேர்ந்திருந்தால்? தாத்தா அன்றிரவு உணவு உண்ணவில்லை. "ஏதோ ஒரு மாதம் நான் கவனிக்கத் தவறியிருக்க வேண்டும்" என்று இன்றும் அவர் சொல்வதை நீயும் கேட்டிருப்பாய்.

இப்போது என் காருக்கு வருகிறேன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டு ஒன்று உண்டு. அதன் கீழ்முனையில் மரை இருக்கும். அம்முனை, உள்மரை கொண்ட ஒரு பித்தளை உறுப்பினுள் பொருந்தியிருக்கும். அவ்வுறுப்புக்கு 'டிரன்னியன்' என்று பெயர். நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அத்தண்டு இம்மரையினுள் சுழல்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு உறுப்பே முன்சக்கரத்தைக் காரோடு பிணைக்கிறது.

சென்ற மாதம் ஸ்டீயரிங் சற்றே கனமாக இருப்பதை உணர்ந்தேன். அன்று என் மகளை ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு இந்தக் காரில் அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்தேன். "அருகில்தானே, சென்று வந்த பிறகு பார்க்கலாமே" என்றாள். எனக்கு உன் தாத்தாவின் முகம் நினைவுக்கு வந்தது. இருவரும் பேருந்தில் சென்று வந்தோம்.

மறு ஞாயிறு வேலையைத் தொடங்கினேன். சமதரையில் காரை நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே அதன் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தினேன். பிறகு ஜாக்கியால் தூக்கி, அடிச்சட்டத்தின் கீழே உறுதியான இரும்புத் தாங்கிகளை வைத்தேன். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே உரியது. அதை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்வது உயிருக்கே ஆபத்து. பிரேக் உறுப்பைக் கழற்றி, அதன் குழாய் இழுபடாதவாறு கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். கழற்றிய ஒவ்வொன்றையும் படம் எடுத்தேன். நட்டுகளைத் தனித்தனி டப்பாக்களில் இட்டு, 'வலம் மேல்', 'வலம் கீழ்' என்று தமிழில் எழுதி ஒட்டினேன்.

டிரன்னியனைத் திருகிக் கழற்றியதும் திகைத்துப்போனேன். அதனுள் கிரீஸ் நிறைந்திருந்தது! ஆனால் அது காய்ந்து, மெழுகுபோல் இறுகியிருந்தது. அதற்குள்ளே தண்டின் மரை துருவேறித் தேய்ந்திருந்தது. எனக்கு முன் இந்தக் காரை வைத்திருந்தவரும் தாத்தாவைப் போலவே அக்கறையோடு கிரீஸ் அடித்திருக்கிறார்!

கையேட்டைப் புரட்டினேன். அந்த இடத்திற்கு கிரீஸ் அன்று, கியர்ப்பெட்டிக்கு ஊற்றும் தடித்த எண்ணெயே இட வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. காரணம் எளியது. எண்ணெய் மரையின் நுண்ணிய இடைவெளிகளுள் இறங்கிப் பரவும், நீரை அண்டவிடாது. கிரீஸோ அவ்விடைவெளிகளுள் எளிதில் இறங்காது. நாளடைவில் இறுகி, எண்ணெய் செல்லும் வழியையும் அடைத்துவிடும். மரை வறண்டு தேயும், நீர் புகுந்து துருவேறும், தண்டு மெலியும். பின்னர் ஒரு நாள், ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போது அது முறிந்துவிடும்.

இருபுறமும் புதிய தண்டுகளையும் டிரன்னியன்களையும் பொருத்தினேன். ஒருபுறத்து மரை வலஞ்சுழி, மறுபுறத்தது இடஞ்சுழி. மாற்றிப் பொருத்த இயலாது. புதியதை இறுதிவரை திருகி இறுக்கிவிடவும் கூடாது. சற்றே பின்னோக்கித் திருப்பி விட்டால்தான் சக்கரம் இருபுறமும் தடையின்றித் திரும்பும். பின்னர், மேற்புறம் கசியும் வரை எண்ணெய் செலுத்தினேன். சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்கினேன். தெருவைச் சுற்றி மெதுவாக ஓட்டிப் பார்த்து, மறுநாள் மீண்டும் நட்டுகளைச் சரிபார்த்தேன். இப்பணிக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. நான்காம் ஞாயிறன்று என் மகள் அதே காரில் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு வந்தாள்.

மருமகளே, இப்போது நீ ஒன்று செய்ய வேண்டும். அன்று முறிந்த துண்டைத் தாத்தா இன்னும் தம் மேசையில், செய்தித்தாள் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறார் அல்லவா? அதன் மரையை உற்றுப் பார். துருவும் காய்ந்த கிரீஸும் தென்பட்டால், என் காரில் கண்டதே அங்கும் நிகழ்ந்திருக்கிறது என்று பொருள். அவ்வாறாயின், தாத்தா ஒரு மாதமும் தவறவில்லை. அவருடைய உழைப்பில் குறையில்லை. எதை இட வேண்டும் என்பதை அவருக்குச் சொல்ல அன்று எவரும் இல்லை, அவ்வளவே.

தாத்தாவுக்கு இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. ஆகவே, இக்கடிதத்தை நீயே அவருக்கு உரக்கப் படித்துக் காட்டு. அவர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
உன் மாமா.

தெரிந்துகொள்வோம்

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் ஆகிய இரு கார்களின் வெளித்தோற்றத்தையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. ஹெரால்டு இங்கிலாந்தில் 1959இல் அறிமுகமானது. அந்நாட்டில் குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கச் சாலைகளில் உப்புத் தூவுவர். அந்த உப்புநீரால் பழைய கார்களில் துரு விரைந்து பரவும்.

சொல்பொருள்

பேணுதல் - காத்தல், பராமரித்தல்
மரை - திருகுவதற்காக உலோகத்தில் வெட்டப்பட்ட சுருள் வரி
அடிச்சட்டம் - காரின் பாகங்களைத் தாங்கும் இரும்புச் சட்டம்
அடைக்கட்டை - சக்கரம் உருளாதிருக்க வைக்கும் கட்டை
வலஞ்சுழி - வலப்பக்கமாகச் சுழல்வது
இடஞ்சுழி - இடப்பக்கமாகச் சுழல்வது
பணிமனை - பழுது பார்க்கும் இடம்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. தாத்தாவின் ஹெரால்டு கார் ________ இல் இருந்த தொழிற்சாலையில் உருவான வகையைச் சேர்ந்தது.
2. முன்சக்கரத்தைக் காரோடு பிணைக்கும் பித்தளை உறுப்பு ________.
3. அவ்வுறுப்புக்கு இட வேண்டியது ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. இரண்டு கார்களையும் 'உடன்பிறப்புகள்' என்று மாமா கூறுவது ஏன்?
2. மாமாவும் மகளும் பேருந்தில் சென்றதற்குக் காரணம் யாது?
3. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்லக்கூடாது. ஏன்?

இ. சிந்தித்து விடை எழுதுக.
1. கிரீஸ் இட்டும் தண்டு துருவேறியதற்கான காரணங்களை விளக்குக.
2. "அவருடைய உழைப்பில் குறையில்லை" என்னும் தொடர் தாத்தாவுக்கு எத்தகைய ஆறுதலைத் தரும்?

ஈ. மொழிப்பயிற்சி: 'தவறினார் - தவறவில்லை' என்பதுபோல் எதிர்மறையாக மாற்றுக.
1. எழுதினாள் 2. இறுக்கினேன் 3. முறிந்தது

உ. செயல்பாடு: உங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகப் பயன்படும் ஒரு பொருளைப் பற்றிப் பெரியோரிடம் கேளுங்கள். அதனை எவ்வாறு பேணினர், ஏன் அவ்வாறு பேணினர் என்பதைக் கேட்டறிந்து, வெளியூரில் வாழும் உறவினர் ஒருவருக்குத் தமிழில் கடிதம் எழுதுங்கள்.