பனி தலையில் இறங்குமா?

“பனி தலையில இறங்கினா சளி நெஞ்சில கட்டிரும்.” கொஸ்லந்த, அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இருக்காது. மார்கழி, தை இரவுகளில் மலைப்பாதையில் ஓடுவது பெரிய இன்பம் என்று அங்கே சொன்னால், வேண்டாத வேலை என்பார்கள். ஆனால் அதே மக்கள்தான் மார்கழியில் விடியுமுன் குளித்துவிட்டுப் பஜனைக்குப் போகிறார்கள். மாசியில் காமன் கூத்துக்காக இரவிரவாகத் திறந்த வெளியில் நிற்கிறார்கள். டிசம்பர் போயா தொடங்கி வெசாக் வரை, 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாத மலைக்கு நடுச்சாமத்தில் ஏறுகிறவர்களில் கைக்குழந்தைகளும் உண்டு, முதியவர்களும் உண்டு. பனிதான் நோய் என்றால் இந்த வழக்கங்கள் என்றோ நின்றுபோயிருக்கும். சளியைக் கொண்டுவருவது வைரஸ். ஒருவர் மூச்சு மற்றவர் மீது படும்படி எல்லோரும் அடைந்து கிடக்கும் லயக் காம்பராவில் அது எளிதாகப் பரவுகிறது. காற்றோட்டமில்லாத அந்த அறையில் தங்கும் விறகுப் புகை நுரையீரலுக்குச் செய்யும் கேட்டைப் பனியால் செய்ய முடியாது.

குளிருக்குப் பங்கே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. 2005இல் பிரித்தானியாவின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 180 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு வெளியானது. குளிர்ந்த நீரில் கால்களை வைத்திருந்தவர்களில் கூடுதலானோர், அடுத்த சில நாட்களில் தடிமன் வந்ததாகச் சொன்னார்கள். உடலில் ஏற்கெனவே பதுங்கியிருந்த வைரஸுக்குக் குளிர் இடம்கொடுத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆய்வில் கால் நனைத்தவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்து குளிர்ந்தவர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஓடும் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. ஆகவே ஓடும்போது குளிர் பெரிதாகத் தாக்காது. ஓடி முடித்து வியர்வை ஈரத்தோடு நின்று கதைக்கும்போதுதான் தாக்கும். சட்டையை உடனே மாற்றினால் போதும். ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டே இறங்க வேண்டும். குளிர்ந்த காற்றை வேகமாக இழுத்தால் மூச்சுக்குழாய் சுருங்கக்கூடும்.

இரவோட்டம் ஏன் இவ்வளவு சுகமாக இருக்கிறது என்பதற்கும் அந்த வெப்பக் கணக்கே விடை. பகல் வெயிலில் இதயம் உடலைத் தணிக்கவென்று தோலுக்கும் இரத்தம் அனுப்பியாக வேண்டும். பண்டாரவளையின் ஜனவரி இரவில் அந்தச் சுமை குறைகிறது, கால்களுக்குக் கூடுதல் இரத்தம் கிடைக்கிறது. பகலில் மூச்சு வாங்க வைத்த அதே ஏற்றம் இரவில் இளகிக் கொடுக்கிறது. கண்ணும் மாறுகிறது. இருட்டுக்குப் பழக அதற்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும். பழகிய பின் நிலவொளியில் தேயிலைச் செடிகளின் விளிம்பும் வெளிறிய பாதையும் தனித்துத் தெரியும். தூரம் தெரியாததால் கவனம் அடுத்த நாலு அடிக்குள் சுருங்குகிறது. வேறெந்த நினைவும் அங்கே நுழைவதில்லை.

“நாளெல்லாம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறுபவளுக்கு ஓட்டம் எதற்கு?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு டென்மார்க்கிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. கொப்பன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், ஓய்வு நேர உடற்பயிற்சி இதய நோய் அபாயத்தைக் குறைத்தது; கடும் உடலுழைப்பு வேலையோ அதைக் கூட்டியது. சுமையும் வேகமும் ஓய்வும் பிறர் கையில் இருக்கும் உழைப்பு ஒன்று, தான் நினைத்தபோது நிற்கக்கூடிய ஓட்டம் இன்னொன்று. பெண்களுக்கு இரவுப் பாதை பாதுகாப்பில்லை என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. கூட்டமாகப் போவது இன்றைக்குச் செய்யக்கூடியது. தோட்டப் பாதைகளுக்கு விளக்குக் கேட்பது எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டியது.

பயப்பட வேண்டியவை உண்டு. சருகுக்குள் கிடக்கும் கோப்பி விரியன் இரவில் இரை தேடும் பாம்பு. நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது. மூடிய சப்பாத்து அவசியம். மூடுபனியில் நெற்றி விளக்கின் ஒளி நீர்த்துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும். டோர்ச்சை இடுப்பளவில் பிடித்தால் பாதையின் மேடுபள்ளம் நிழலோடு தெரியும். எல்லாவற்றையும்விடப் பெரியது ஈர மண். இந்த ஊர்கள் இருக்கும் ஊவாவில் ஐப்பசி தொடங்கித் தை வரை மழைக்காலம். கொஸ்லந்தப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்தது காலை நேரத்தில், நல்ல வெளிச்சத்தில். அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே விழிப்பாக இருக்கச் சொல்கிறது. 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்கிறது. ஓட்டக்காரர் பார்க்க வேண்டிய எண் முதலாவது. அந்த அளவை எட்டிய நாளிலும், மண் இறுகும்வரை அடுத்து வரும் நாட்களிலும், நிலவு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரிவுப் பாதையில் கால் வைக்கக் கூடாது.