ஜெபக் குறிப்பு நோட்டு

நம்மில் பலருடைய வேதாகமத்தைத் திறந்தால் ஜெப விண்ணப்பச் சீட்டு நாலைந்து கீழே விழும். யார் கொடுத்தது, எப்போ கொடுத்தது, தெரியாது. ஆனால் கொடுத்தவர், நாம் ஜெபிக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்! "ஆவியானவர் ஞாபகப்படுத்துவாரே, எழுதுவது எதுக்கு பாஸ்டர்?" என்று கேட்கிறார்கள். சிறையிலிருந்த பவுலே தோற்சுருள்களைக் கொண்டுவரச் சொன்னாரே (2 தீமோ. 4:13).

இங்கிலாந்தில் பிரிஸ்டல் பட்டணத்தில் 1836-ல் அநாதை இல்லம் துவக்கிய ஜார்ஜ் முல்லர், விண்ணப்பத்தையும் அதற்கு வந்த பதிலையும் தேதியோடு எழுதி வைத்தார். நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். இடது பக்கத்தில் தேதி, பெயர், விண்ணப்பம். வலது பக்கம் காலியாக இருக்கட்டும். பதில் வந்த அன்று நேருக்கு நேர் எழுதுங்கள். குடும்ப ரகசியமானால் பெயரின் முதலெழுத்து போதும்; நோட்டு பலர் கையில் படும்.

நம்ம சபைச் சகோதரி ஒருவர் கணவருடைய குடி விடுதலைக்காக ஜெபிக்கச் சொன்னார். வலது பக்கம் இன்னும் காலி. அந்தக் காலியிடத்தைப் பார்க்கும்போதுதான் எனக்கு உபவாசிக்கப் பாரம் வருது. "என் பேர் இருக்குதா பாஸ்டர்?" என்று கேட்பார். இருக்குதம்மா.

நோட்டு தீர்ந்தால், பதில் வராதவைகளைப் புது நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதிவிடுங்கள். அந்தச் சகோதரியின் விண்ணப்பம் இப்போ மூணாவது நோட்டில் இருக்கிறது.