இணங்கிக் கையெழுத்திட்ட வழக்கில் அப்பீல் உண்டா?



மண்டூர்ப் பக்கம் நெல் வாங்கி விற்கும் ஒருவர் அண்மையில் என்னிடம் ஆலோசனை கேட்டார். களஞ்சிய வாடகை வழக்கில் 'சமாதானமாகப் போவோம்' என்று நீதிமன்றத்தில் கையெழுத்து வைத்துவிட்டார். பிரதியை வாசித்த பின்புதான், நிலுவையைக் கட்டுவதோடு களஞ்சியத்தையும் விட்டு வெளியேற வேண்டும் என்றிருப்பதைக் கண்டார். "அப்பீல் போட்டால் சரிதானே?" என்றார். சரியில்லை என்றேன். காரணத்தை எல்லோரும் அறிந்திருப்பது நல்லது.

நமது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவின்படி, தரப்பினர் சட்டப்படி செய்த இணக்கத்தை நீதிமன்றுக்கு அறிவித்ததும், நீதிமன்றம் அதன்படியே தீர்ப்பாணை வழங்கும். இணக்கத்தில் அடங்கிய விடயங்களைப் பொறுத்தவரை அந்த ஆணை இறுதியானது. நாமே சம்மதித்த ஒன்றை 'நீதிபதி பிழைவிட்டார்' என்று சொல்லி மேன்முறையீடு செய்ய முடியாது. நிபந்தனைகள் பதிவான பிறகு, ஆணை எழுதப்படும் முன்னரே மனம் மாறினாலும் பின்வாங்க முடியாது என்பதை 1963இல் சின்னவேலு எதிர் லிப்டன் கம்பனி வழக்கு காட்டியது.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. ஆனால் சம்மதமே பழுதானது என்று காட்ட வேண்டும். மோசடி, வற்புறுத்தல், உண்மையான தவறான விளக்கம் போன்றவையே காரணங்களாகும். 'நட்டமாகிவிட்டது' என்பது காரணமாகாது.

அதற்கான வழிகள் மூன்று. ஆணை வழங்கிய நீதிமன்றத்திலேயே அதை நீக்கக் கோரலாம். மாகாண மேல் நீதிமன்றில் மீளாய்வு கோரலாம். இந்தக் குடியியல் அதிகாரத்தை அதற்கு வழங்கியது 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம். முன்னிருந்த நிலைக்கே மீட்டளிக்கும்படி மேன்முறையீட்டு நீதிமன்றில் விண்ணப்பிக்கலாம். பிந்திய இரண்டுக்கும் விசேட காரணம் வேண்டும், தாமதமும் கூடாது.

முதல் வழியில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் அடுத்த கேள்வி எழும். அது தீர்ப்பா, கட்டளையா? தீர்ப்பென்றால் 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலும், 60 நாட்களுக்குள் மனுவும் கொடுக்க வேண்டும். கட்டளையென்றால் 14 நாட்களுக்குள் அனுமதி கோர வேண்டும். செட்டியார் எதிர் செட்டியார் வழக்கில் உயர் நீதிமன்றம் ஓர் அளவுகோல் தந்தது: அந்த விண்ணப்பத்தை எப்படித் தீர்த்தாலும் வழக்கு முடிந்துவிடுமா என்று பார்க்க வேண்டும். ஆணையை நீக்கினால் வழக்கு தொடருமே! ஆகவே மறுப்பைக் கட்டளையாகக் கொண்டு, அனுமதி கோருவதே பொருந்தும்.

இந்தியாவில் சட்டம் இன்னும் வெளிப்படையானது. இணக்கத் தீர்ப்பாணைக்கு அப்பீல் இல்லை என்று அங்குள்ள கோவையின் 96(3)ஆம் பிரிவே சொல்கிறது. புஷ்பா தேவி பகத் வழக்கில் பிரதிவாதி, ஆணை வழங்கிய நீதிமன்றில் மனுப் போட்டுவிட்டு அதைத் தொடராமல் அப்பீலுக்குப் போனார். அந்த அப்பீல் செல்லாது என்று 2006இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே, கையெழுத்திடுமுன் நிபந்தனைகளை உங்கள் மொழியில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தொகை, தவணை, தவறினால் என்ன நடக்கும் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். விளங்காவிட்டால் தவணை கேளுங்கள். பிழை தெரிந்தால் அன்றே சான்றுபடுத்திய பிரதிக்கு விண்ணப்பித்து, சட்டத்தரணியிடம் 'எந்த வழி?' என்றே முதலில் கேளுங்கள். வழி தவறினால் நாளும் போகும், காசும் போகும்.