இருபத்தைந்து வயதில் மிக் டெய்லர் எடுத்த முடிவு

“ரோலிங் ஸ்டோன்ஸை விட்டு யாராவது போவாங்களா சார்?” என்னிடம் கிட்டார் கற்க வரும் பிள்ளைகள், அந்த ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் மிக் டெய்லரின் கதையைக் கேட்டதும் முதலில் கேட்பது இதைத்தான். 1974 டிசம்பரில் அவர் போனார். வயது 25. யாரும் அவரை வெளியேற்றவில்லை. அடுத்த ஆல்பத்தின் பதிவுக்காக மற்றவர்கள் மியூனிக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், இனி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

நான் வெகுகாலம் பேண்டுகளில் லீட் கிட்டார் வாசித்தவன். ஓரளவு பெயரும் வரும்படியும் இருந்த ஒரு பேண்டிலிருந்து நானாக விலகியும் வந்திருக்கிறேன். அதனால் டெய்லரின் முடிவு எனக்குப் புதிராகப் படவில்லை. அவர் வாசித்ததைப் பொறுமையாகக் கேட்டு விரலில் எடுத்துப் பார்த்தால், காரணங்களில் பாதி அந்த இசைத்தட்டுகளிலேயே கிடைத்துவிடும்.

டெய்லர் 1949-ல் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் பிறந்தவர். ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழு ஒருமுறை அந்த ஊருக்கு வாசிக்க வந்தது. குழுவின் கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டன் வரவில்லை. அவருடைய கிட்டார் மட்டும் மேடையில் இருந்தது. கூட்டத்தில் நின்ற பள்ளிப் பருவத்துப் பையன் மேயாலிடம் போய், “நான் வாசிக்கட்டுமா?” என்று கேட்டு, அந்தக் கிட்டாரையே எடுத்து வாசித்தான். அந்தப் பையன்தான் டெய்லர். 1967-ல் மேயால் குழுவின் அப்போதைய கிட்டாரிஸ்ட் பீட்டர் கிரீன் விலகியதும் அந்த இடம் டெய்லருக்குக் கிடைத்தது. 1969-ல் ஸ்டோன்ஸ் குழு தன் கிட்டாரிஸ்ட் பிரையன் ஜோன்ஸுக்கு மாற்றாக ஆள் தேடியபோது, மேயால்தான் அவர் பெயரைச் சொன்னார். ஜூலை 5-ம் தேதி, லண்டன் ஹைட் பார்க்கில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் முதல் மேடை. ஜோன்ஸ் இறந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. டெய்லருக்கு 20 வயது.

அவர் அந்தக் குழுவுக்கு என்ன கொண்டுவந்தார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குழுவின் இன்னொரு கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் அப்போது கிட்டாரின் ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு, மிச்சமுள்ள ஐந்தையும் ஜி, டி, ஜி, பி, டி என்று சுருதி சேர்த்து வாசிக்கும் வழக்கத்துக்கு வந்திருந்தார். ஓப்பன் ஜி என்பார்கள். இடது கை விரல் எதையும் தொடாமல் மீட்டினாலே முழு மேஜர் கார்டு ஒலிக்கும். அந்த அறுத்தடிக்கும் ரிதம்தான் ஸ்டோன்ஸின் முதுகெலும்பு. அதன் மேல் டெய்லர் வழக்கமான சுருதியில், பாடகர் மூச்சுப் பிடித்து இழுப்பதுபோல நீளநீளமான வரிகளை வாசிப்பார்.

1971-ல் வந்த ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ ஆல்பத்தில் ‘கான்ட் யூ ஹியர் மீ நாக்கிங்’ என்ற பாட்டைக் கேளுங்கள். ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். வாய்ப்பாட்டு மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் திட்டமிடாமல் வந்தது. டேப் ஓடிக்கொண்டே இருந்தது, இவர்களும் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனார்கள். காங்கா தாளம் பிடிக்கிறது, பாபி கீஸின் சாக்ஸஃபோன் வருகிறது, நாலரை நிமிடம் தாண்டியதும் டெய்லர் உள்ளே வருகிறார். இந்த சோலோவை நான் கேசட்டில் ஓட்டி ஓட்டி எடுத்த காலத்தில் விரல் வேகம் எனக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. அவர் விடும் இடைவெளிகள்தான் பிரச்சினை. ஒரு சின்னச் சொற்றொடரை வாசித்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். டிரம்ஸும் ரிதம் கிட்டாரும் அந்த இடத்தை நிரப்பட்டும் என்று காத்திருக்கிறார். அடுத்த முறை அதே சொற்றொடரை ஒரு சுரம் மேலே ஏற்றி, கடைசிச் சுரத்தை மட்டும் தந்தியை வளைத்துப் பிடித்து அதிரவிடுகிறார். வேறு யாராக இருந்தாலும் எல்லா இடத்தையும் நிரப்பியிருப்பார்கள். என் மாணவர்களில் கை வேகமானவர்களுக்கு இதை வாசிக்கக் கொடுப்பேன்; பொறுமை வர மாதக் கணக்கில் ஆகும்.

அதே ஆல்பத்தில் ‘ஸ்வே’, ‘மூன்லைட் மைல்’ என்று இன்னும் இரண்டு பாட்டுகள். ‘ஸ்வே’யில் ரிச்சர்ட்ஸ் கிட்டார் வாசிக்கவே இல்லை. ரிதம் கிட்டார் பாடகர் மிக் ஜாகர். நடுவில் வரும் ஸ்லைடும் முடிவில் பொங்கி வரும் சோலோவும் டெய்லர். ‘மூன்லைட் மைல்’ உருவானதும் ஜாகரும் டெய்லரும் உட்கார்ந்து வாசித்ததில்தான். ஆனால் இரண்டிலும் பாட்டை எழுதியவர்கள் என்று அச்சானது ஜாகர், ரிச்சர்ட்ஸ் பெயர்கள். ஸ்டோன்ஸில் டெய்லர் இருந்த ஐந்தரை ஆண்டுகளில் அவர் பெயரும் சேர்ந்து வந்த பாட்டு ஒன்றே ஒன்று: 1972-ன் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ ஆல்பத்தில் ‘வென்டிலேட்டர் புளூஸ்’. 1974 ஆல்பத்தில் ‘டைம் வெயிட்ஸ் ஃபார் நோ ஒன்’ பாட்டின் கடைசிப் பகுதி முழுக்க அவர் கையில் இருக்கிறது. அந்த ஆல்பத்திலாவது தன் பெயர் வரும் என்று எதிர்பார்த்திருந்தார். வரவில்லை. சில வாரங்களில் அவரும் இல்லை.

இதைப் பணப் பேராசை என்று நினைப்பவர்கள், பாட்டில் வருமானம் எப்படிப் பிரிகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு இசைத்தட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று பதிவின் உரிமை. வாசித்தவர்களுக்கு ஒப்பந்தப்படி அதில் பங்கு வரும். இன்னொன்று பாட்டின் உரிமை. மெட்டும் வரியும் யாருடையதோ அவர்களுக்கு. வேறொருவர் அந்தப் பாட்டைப் பாடினாலும், சினிமாவில் எடுத்தாண்டாலும் ஆயுள் முழுக்க வருமானம் தருவது இரண்டாவது. அங்கே சோலோவுக்கு இடம் கிடையாது. ஒரு பாட்டை யாரும் மறக்க முடியாததாக ஆக்கியது அந்த சோலோவாகவே இருந்தாலும், அது ‘வாசிப்பு’தான், ‘எழுத்து’ ஆகாது. விதிவிலக்கு உண்டு. புரோகோல் ஹாரம் குழுவின் ‘எ வொயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ 1967-ல் வந்தது. அந்தப் பாட்டென்றாலே முதலில் காதில் ஒலிப்பது ஆர்கன்தான். அதை வாசித்த மேத்யூ ஃபிஷர் பாட்டில் தனக்கும் பங்குண்டு என்று வழக்குப் போட்டு, கடைசியில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை போய் 2009-ல்தான் வென்றார். எல்லோராலும் அப்படி நாற்பது வருடம் கழித்துப் போராட முடியாது.

நான் சினிமா ரெக்கார்டிங்குக்கும் வாசித்திருக்கிறேன். கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று பேசுவோம், நோட்ஸைப் பார்த்து வாசிப்போம், பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். பாட்டு எவ்வளவு பெரிய ஹிட் ஆனாலும் எனக்கு ஒரு துளி மனக்குறை வந்ததில்லை. பேசியது என்னவோ அது நடந்தது. பேண்டு அப்படி இல்லை. அங்கே எல்லோரும் “நம்ம பாட்டு” என்று சொல்லித்தான் வேலை செய்கிறோம். ராத்திரி முழுக்க விழித்து ஒரு ரிஃப்பை, பாட்டைத் தாங்கும் அந்தச் சின்ன கிட்டார் வரியை, செதுக்கித் தருவது அந்த “நம்ம”வை நம்பித்தான். ஆல்பம் அச்சாகி வரும்போது அதில் “நம்ம” இல்லையென்றால், அடுத்த ரிகர்சலில் கை தானாகவே பின்வாங்கும். வேண்டுமென்று செய்வதில்லை. யோசனை வந்தாலும் சொல்லத் தோன்றாது, அவ்வளவுதான். விலகும் நாள் பிறகு எப்போதோ வரும். விலகல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. நான் வாசித்த பேண்டிலும் அதுதான் நடந்தது.

டெய்லருக்குப் பெயர் பிரச்சினை மட்டும் இல்லை. அவருக்கு முன் ஜோன்ஸும் ரிச்சர்ட்ஸும் ஒருவர் வாசிப்பில் மற்றவர் புகுந்து, எது யாருடையது என்றே பிரிக்க முடியாமல் வாசிப்பார்கள். டெய்லர் வந்ததும் வேலை இரண்டாகப் பிரிந்தது: ரிதம் உனக்கு, லீட் எனக்கு. கேட்பவர்களுக்கு அது பொற்காலம்; எனக்கும் ஸ்டோன்ஸில் பிடித்த காலம் அதுதான். ஆனால் வாசிப்பவரைப் பொறுத்தவரை அது ஒரு சின்ன அறை. விலகியதும் அவர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்: ஜாக் புரூஸ், கார்லா பிளே இருந்த குழு. ஜாஸ் பக்கம் சாய்ந்த இசை. காது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பது அதிலேயே தெரிகிறது. போதாததற்கு, குழுவைச் சுற்றி இருந்த போதைப் பழக்கம். டெய்லரும் அதில் சிக்கியிருந்தார். குடும்பத்தை அந்தச் சூழலிலிருந்து காப்பாற்றுவதும் விலகியதற்கு ஒரு காரணம் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

குழுவை விட்டுப் போன மற்ற கிட்டாரிஸ்டுகளின் கதையும் இதிலிருந்து வெகு தூரம் இல்லை. 1965-ல் யார்ட்பேர்ட்ஸ் குழு ‘ஃபார் யுவர் லவ்’ என்ற பாப் பாட்டால் பெரிய வெற்றி பெறுகிற நேரத்தில்தான் கிளாப்டன் புளூஸைத் தேடி வெளியேறினார். 1992-ல் ஜான் ஃப்ருஷியான்டே ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸை ஜப்பான் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே விட்டுப் போனார். திடீரென வந்த புகழை அவரால் தாங்க முடியவில்லை. கன்ஸ் என் ரோஸஸ் குழுவின் இஸி ஸ்ட்ராட்லின் போதையிலிருந்து மீண்ட பிறகு, 1991-ல் விலகினார். திறமைக்கு மரியாதை இல்லாத இடத்திலிருந்து மட்டும்தான் கலைஞர்கள் போவார்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். மரியாதை கொட்டிக்கிடந்த இடத்திலிருந்தும் போயிருக்கிறார்கள்.

பேண்டில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும். பங்கைப் பற்றிப் பேச வேண்டிய இடம், ரிஃப் பிறந்த அந்த ரிகர்சல் அறைதான். மிக்ஸிங் முடிந்தபின் கேட்டால் அது சண்டையாக மட்டுமே கேட்கும். ஸ்பிளிட் ஷீட் என்று ஒரு தாள் இருக்கிறது. மெட்டு யார், வரி யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவது. ஸ்டுடியோவுக்குள் போகுமுன் அதை முடித்துவிடுங்கள். போனில் பதிவு செய்த முதல் ரிஃப்பை அழிக்காதீர்கள், தேதியோடு இருக்கட்டும். சோலோ வாசிக்கும்போது பாட்டின் மெட்டுக்கே புதிதாக எதையாவது சேர்க்கிறோம் என்று தோன்றினால், அதை அந்த நிமிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

விலகுவதென்று முடிவெடுத்தால், ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகளை முடித்துக் கொடுத்துவிட்டு விலகுங்கள். டெய்லர் பதிவு தொடங்கும் வேளையில் போனதால் ஸ்டோன்ஸ் தடுமாறியது.  நான் கடைசி நிகழ்ச்சி வரை வாசித்துவிட்டுத்தான் வந்தேன். அந்த பேண்டின் டிரம்மர் இன்றும் எனக்கு வேலை சொல்லி அனுப்புகிறார். கையில் சில மாதச் செலவுக்குப் பணம் இருக்கட்டும். வெளியே வந்ததும் தனி ஆல்பம் போட்டு உலகையே ஜெயித்துவிடலாம் என்ற கணக்கில் போகாதீர்கள். டெய்லரின் முதல் தனி ஆல்பம் 1979-ல்தான் வந்தது, பெரிதாக விற்கவில்லை. பாப் டிலனின் ‘இன்ஃபிடல்ஸ்’ ஆல்பத்தில் வாசித்தார், டிலனோடு ஐரோப்பா சுற்றினார், சின்னச் சின்னக் கிளப்புகளில் புளூஸ் வாசித்தார். ஸ்டோன்ஸின் செல்வத்தோடு இதை ஒப்பிட்டு, அவர் தோற்றுப்போனார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அவர் போகாமல் இருந்திருந்தால் அடுத்த பத்து வருடம் அதே மாதிரி வாசித்திருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மனம் ஒட்டாமல் வாசித்தவர்களின் தட்டுகள் என் அலமாரியில் நிறைய இருக்கின்றன, கேட்டாலே தெரிந்துவிடும்.

2012-ல் தொடங்கிய ஸ்டோன்ஸின் ஐம்பதாம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் டெய்லர் விருந்தினராக வந்து ‘மிட்நைட் ராம்ப்ளர்’ வாசித்தார். 2013-ல் மறுபடியும் ஹைட் பார்க் மேடையில் ஏறினார்.

கடைசியாக, கிட்டாரிஸ்டை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு ஒன்று. பேண்டில் பாட்டெழுதுகிறவர் நீங்கள் என்றால், உங்கள் கிட்டாரிஸ்ட் ரிகர்சலில் யோசனை சொல்வதை எப்போது நிறுத்தினார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் பாடகர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ஆள் அமைதியாகிவிட்டார், நல்லதாகப் போயிற்று என்று நினைப்பார்கள். அன்றைக்கே டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் கேட்டுவிடுங்கள். பெயரைப் பகிர்ந்துகொண்ட குழுக்களும் உண்டு. குயின் குழு 1989-ல் வந்த ‘தி மிராக்கிள்’ ஆல்பத்திலிருந்து, யார் எழுதிய பாட்டானாலும் குழுவின் பெயரிலேயே போடலாம் என்று முடிவு செய்தது. ஆர்.இ.எம். குழுவில் நால்வர் பெயரும் சேர்ந்தே வந்தது. உங்கள் அடுத்த பாட்டைப் பதிவு செய்யும் முன், ஸ்பிளிட் ஷீட்டை நீங்களே எடுத்து நீட்டுங்கள். அவராகக் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.