எந்தக் காண்டசா வாங்கலாம்?

1964-இல் அமெரிக்காவில் போன்டியாக் ஜி.டி.ஓ. வந்தது. நடுத்தர அளவுள்ள ஒரு காருக்குள் 6.4 லிட்டர் வி-8 இன்ஜினைத் திணித்தார்கள். அங்கிருந்துதான் 'மசில் கார்' மோகம் சூடு பிடித்தது. நம் நாட்டில் அன்று அந்த அளவு குதிரைத்திறனுடன் யாரும் கார் செய்யவில்லை. ஆனாலும் நீண்ட பானெட்டும் அகன்ற முகமுமாக நின்ற இந்துஸ்தான் காண்டசாவைப் பலரும் 'இந்திய மசில் கார்' என்றே அழைக்கிறார்கள். அதற்கு ஓர் உறவுமுறையும் உண்டு. காண்டசாவின் மூலம் பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர். வாக்ஸ்ஹாலும் போன்டியாக்கும் அன்று ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்துப் பிள்ளைகள். விக்டரின் அச்சுகளை வாங்கி வந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் காண்டசாவைத் தயாரித்து 1984-இல் விற்பனைக்கு விட்டது. 2002 வரை உற்பத்தி தொடர்ந்தது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இருந்துகொண்டு ஒரு காண்டசாவைத் தேடுகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இன்ஜினை. வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சாவியைத் திருப்பினால் வேறு வேறு வண்டிகள்.

ஆரம்பகால வண்டியில் இருப்பது அம்பாசடரின் அதே 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன், நான்கு கியர். அவ்வளவு பெரிய உடம்புக்கு இது போதவே போதாது. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்த நெடுநேரம் காத்திருக்க வேண்டிவரும். ஆனால் அம்பாசடர் பார்த்த எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டிவிடுவார். முதல் வரிசை வண்டி என்ற பெருமைக்காகச் சேர்ப்பவருக்கு இது சரி. ஓட்டி மகிழ விரும்புபவருக்கு வேண்டாம்.

என் தேர்வு 1.8 பெட்ரோல்தான், தயக்கமே இல்லை. 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுஸு இன்ஜினும் ஐந்து கியரும் சேர்ந்து 'காண்டசா கிளாசிக்' என்று வந்தது. 1817 சிசி, ஏறக்குறைய 88 குதிரைத்திறன். அந்த உடம்புக்கு ஏற்ற மூச்சு அப்போதுதான் கிடைத்தது. பின்சக்கரம் தள்ளும் வண்டி என்பதால், திருவள்ளூர் சாலை காலியாக இருக்கும் விடியற்காலையில் மூன்றாவது கியரில் அது எழும்பும் விதம் இன்றைய வண்டிகளில் கிடைக்காது. இன்னொரு பெரிய வசதியும் உண்டு. இசுஸு 1.8 இன்ஜின் பின்னாளில் அம்பாசடருக்கும் போனது. அம்பாசடர் 2014 வரை உற்பத்தியில் இருந்தது. அதனால் இன்ஜின் உதிரிபாகத்துக்கு அலைச்சல் குறைவு.

2 லிட்டர் இசுஸு டீசல் சிக்கனமானது, அதனாலேயே பெரும்பாலும் ஓட்டித் தேய்த்த நிலையில் கிடைக்கும். சேகரிப்புக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு ஏதோ ஒரு டீசல் இன்ஜினைப் பொருத்திய காண்டசாவை அறவே தவிருங்கள். அமெரிக்காவில் மசில் கார் சேகரிப்பவர்கள் இன்ஜின் எண்ணும் வண்டியும் ஒரே பிறப்பா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இங்கேயும் அதே கண்ணோடு ஆர்.சி.யையும் இன்ஜின் எண்ணையும் ஒப்பிடுங்கள்.

சென்னை மண்ணிலேயே பிறந்த வண்டிதான் வேண்டும் என்பவருக்கு ஸ்டாண்டர்டு 2000 இருக்கிறது. ரோவர் எஸ்.டி.1-இன் அழகான உடல். உள்ளே பழைய ஸ்டாண்டர்டு இன்ஜின். 1985-இல் வந்து சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. காண்டசாவைவிட அரிது, பாகங்களும் அதே அளவுக்கு அரிது. பணமும் பொறுமையும் நிறைய இருந்தால் மட்டும் கை வையுங்கள்.

வண்டியை நேரில் சோதிக்கும்போது, இன்ஜினைவிட ஒரு படி மேலே நான் வைப்பது பாடியை. இன்ஜினைச் சரிசெய்துவிடலாம். உடைந்த பின்விளக்குக் கண்ணாடி, குரோம் கிரில், கதவு பீடிங், டேஷ்போர்டு எல்லாம் இன்னொரு காண்டசாவை உடைத்தால்தான் கிடைக்கும். ஆகவே பளபளப்பான பெயின்ட்டைவிட, மங்கிய பெயின்ட்டில் முழுமையாக நிற்கும் வண்டியே மேல். கையில் ஒரு சின்னக் காந்தத்தோடு போங்கள். சக்கர வளைவிலும் கதவின் அடிப்பகுதியிலும் அது ஒட்டவில்லை என்றால் உள்ளே இருப்பது பட்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், ஆவடிப் பக்கம் எத்தனையோ வண்டிகள் நீரில் நின்றன. கால்மிதியைத் தூக்கித் தரையைப் பாருங்கள், சீட்டின் தண்டவாளத்தில் துருவைத் தேடுங்கள், டிக்கிக்குள் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தைத் தடவிப் பாருங்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பெரிய பலம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1960-களில் இருந்து இங்கே வளர்ந்த லேத் பட்டறைகளில், மாதிரியைக் கொடுத்தால் புஷ், பின், ஸ்பேசர் போன்றவற்றைக் கடைந்து கொடுக்கும் கை இன்னும் இருக்கிறது. தேய்ந்துபோன சஸ்பென்ஷன் புஷ்ஷுக்காக ஒரு நல்ல வண்டியை விட்டுவிடாதீர்கள். பெட்ரோல் ஹோஸ்களையும் கார்புரேட்டரின் ரப்பர் வாஷர்களையும் மட்டும் வாங்கியதுமே மாற்றிவிடுங்கள். இருபது சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல அவை.

பேப்பர்களில் கவனம் தேவை. மத்திய அரசின் 2021 விதிப்படி 'வின்டேஜ்' பதிவுக்கு வண்டிக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். முதல் காண்டசாவுக்கே அது 2034-இல்தான். அதுவரை சாதாரணப் பதிவுதான்: பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இருபது வயது தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அந்தக் கட்டணம் 10,000 ரூபாயாக உயர்ந்தது. வெளிமாநில வண்டி என்றால் என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். புதுப்பிக்காமல் பல ஆண்டு ஷெட்டில் கிடந்த வண்டி என்றால், நிலுவைக் கட்டணம் எவ்வளவு என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டறிந்து விலையிலேயே கழித்துப் பேசுங்கள்.